நடைபாதை இல்லாத தெருவில் எந்தப் பக்கம் நடப்பது, மாநகராட்சியிடம் எதைக் கேட்பது?

கேட்டவரின் வீடு சென்னையின் தென்புறநகரில், 20 அடி அகலத் தெருவில் இருக்கிறது. நடைபாதை கிடையாது. எழுபதைத் தாண்டிய அம்மா தினமும் கோயிலுக்கும் மளிகைக் கடைக்கும் நடந்து போகிறார். இரண்டாம் வகுப்புப் பையன் தெருமுனையில் பள்ளி வேன் ஏறுகிறான். இவர்களை எந்தப் பக்கம் நடக்கச் சொல்வது, நடைபாதை போடச் சொல்லி மாநகராட்சியில் மனு கொடுத்தால் பலன் இருக்குமா என்பது அவர் கேள்வி.

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: வலப்பக்கம். எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி நடக்க வேண்டும். இதற்குச் சில விலக்குகள் உண்டு, கீழே சொல்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்லப்போவது பலருக்கு உடன்பாடாக இருக்காது. 20 அடித் தெருவுக்கு நடைபாதை கேட்காதீர்கள். வண்டிகள் 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதபடி தெருவை அமைக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் வண்டி நிறுத்த ஏற்பாடு கேளுங்கள். இன்னொரு பக்கத்தில், தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடையில்லாமல் நடக்க நாலடி அகலம் கேளுங்கள். இவை கிடைத்தால் நடைபாதை இல்லாமலேயே அந்தத் தெருவில் உங்கள் அம்மா பயமில்லாமல் நடக்கலாம். இவை இல்லாமல் நடைபாதை மட்டும் வந்தால், ஆறு மாதத்தில் அதன் மேல் ஸ்கூட்டர்கள் நிற்கும். அம்மா மறுபடி தெரு நடுவில்தான் நடப்பார்.

சாலைப் பொறியியல் படித்து, புறநகர்த் தெருக்களில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஏன் என்று விளக்குகிறேன்.

வலப்பக்கத்திலிருந்து தொடங்கலாம். நம் ஊரில் வண்டிகள் இடப்பக்கம் ஓடுகின்றன. நாமும் இடப்பக்கம் நடந்தால் நமக்கு அருகில் வரும் வண்டி எல்லாம் முதுகுக்குப் பின்னால் வரும். ஒதுங்க வேண்டுமா, நிற்க வேண்டுமா என்று முடிவெடுக்க நமக்கு வாய்ப்பே இல்லை. நம் உயிர் முழுக்க ஓட்டுபவரின் கவனத்தில் இருக்கும். மின்சார ஸ்கூட்டர்கள் பெருகிவிட்ட பிறகு காதை நம்பியும் பயனில்லை. வலப்பக்கம் நடந்தால் அருகில் வரும் வண்டி கண்ணெதிரே வரும். ஓட்டுபவர் செல்போனைப் பார்க்கிறாரா, நம்மைப் பார்க்கிறாரா என்பதுகூடத் தெரியும். இங்கிலாந்திலும் இடப்பக்கம்தான் வண்டி ஓட்டுகிறார்கள். நடைபாதை இல்லாத சாலையில் வலப்பக்கமாக நடக்கச் சொல்லித்தான் அவர்களுடைய சாலை விதிக் கையேடும் சொல்கிறது. ஜப்பானில் இது சட்டமாகவே இருக்கிறது.

இனி விலக்குகள். தெரு வலப்பக்கமாக வளைகிற இடத்தில் வலப்பக்கம் நடக்கக் கூடாது. அங்கே நீங்கள் வளைவின் உட்புறத்தில் இருப்பீர்கள். எதிரே வரும் வண்டியும் அதே உட்புறத்தை ஒட்டித்தான் வரும். இடையில் ஒரு காம்பவுண்டுச் சுவர் இருந்தால் அவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள், உங்களுக்கு அவரும் தெரியமாட்டார். வளைவுக்குக் கொஞ்சம் முன்பே இடப்பக்கம் கடந்து, வளைவு முடிந்ததும் திரும்பி வாருங்கள்.

அடுத்தது தெருமுனை. இதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் பழைய மனைப்பிரிவுகளில் மிக ஆபத்தான இடம் இதுதான். மெயின் ரோட்டிலிருந்து உங்கள் தெருவுக்குள் வலது பக்கம் திரும்புகிற டூவீலர்களைக் கவனித்துப் பாருங்கள். முறைப்படி சுற்றி வந்து தெருவின் இடப்பாதியில் நுழைய வேண்டும். பெரும்பாலோர் மூலையை வெட்டி, வலப்பாதியிலேயே நுழைவார்கள். நீங்கள் மெயின் ரோட்டிலிருந்து வீட்டை நோக்கி வலப்பக்கம் நடந்துகொண்டிருந்தால், அந்த வண்டி உங்கள் பக்கமே, உங்களுக்குப் பின்னாலிருந்து வரும். எனவே தெருவுக்குள் நுழைந்து முதல் நாலைந்து வீடு தாண்டும்வரை தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போகும்போது ஆபத்து வேறு விதம். இடது பக்கம் திரும்பி உள்ளே வரும் வண்டி, நீங்கள் நடக்கிற ஓரத்தை உரசிக்கொண்டு வரும். மூலை வீட்டுச் சுவர் முடிவதற்கு இரண்டடி முன்பே நின்று எட்டிப் பார்த்துவிட்டு நகரச் சொல்லுங்கள், குறிப்பாகப் பையனிடம்.

மூலை வீடு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு வரைபடத்தில் தெருமுனை மனையின் மூலையைச் சாய்வாக வெட்டிக் காட்டியிருப்பார்கள். ஸ்ப்ளே என்போம். இரு தெருவிலும் வருகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதற்காகவே அந்த மூலை காலியாக விடப்படுகிறது. பிறகு சுவர் கட்டும்போது அதை நேராக இழுத்து மூடிவிடுவார்கள், அல்லது அங்கே காகிதப்பூச் செடியை ஆள் உயரம் வளர விடுவார்கள். உங்கள் தெரு வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அந்த மூலை பொதுவுக்குச் சொந்தம் என்றால் அதைத் திறக்கச் சொல்வது உங்கள் மனுவின் முதல் வரியாகவே இருக்கலாம். காசே செலவில்லாத பாதுகாப்பு இது.

இப்போது வேகம். எல்லாவற்றையும் தீர்மானிப்பது இதுதான், எனவே கொஞ்சம் கணக்குப் போடலாம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 8 மீட்டர் நகர்கிறது. 50-ல் போகும் கார் ஒரு நொடியில் 14 மீட்டர் நகர்கிறது. குறுக்கே ஒரு குழந்தை ஓடுவதைக் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகிறது என்று வையுங்கள். உலர்ந்த நல்ல சாலையில், முழு பிரேக் போட்டால், 30-ல் வந்த கார் மொத்தம் 13 மீட்டர் அளவில் நின்றுவிடும். 50-ல் வந்த கார் அந்த 13 மீட்டரையும் தாண்டும்போது ஓட்டுநரின் கால் இன்னும் பிரேக்கில் படவே இல்லை. அதாவது முதல் கார் குழந்தைக்கு முன்னால் நின்றுவிட்டது. இரண்டாவது கார் அதே இடத்தில் 50 கிலோமீட்டர் வேகத்திலேயே மோதுகிறது. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 30-ஐவிட 50-ல் அடி ஏறக்குறைய 2.8 மடங்கு. மணல் சிந்திக் கிடக்கும் தெருவில் இருசக்கர வண்டிகள் நிற்க இதைவிடக் கூடுதல் தூரம் தேவைப்படும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் எந்த வண்டியிலும் ஏறாமல் செத்திருக்கிறார்.

சென்னையில் இதற்கு வரம்பு ஏற்கெனவே இருக்கிறது. 2023 நவம்பரில் சென்னைப் பெருநகரக் காவல்துறை அறிவித்த புதிய வேக வரம்பில், குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிகளுக்கும் 30 கிலோமீட்டர்தான். ஆனால் ஒரு பலகைகூட இல்லாத தெருவில் அது யாருக்குத் தெரியும்? தெரிந்தாலும், நேராக, வழவழப்பாகப் புதுத் தார் போட்ட தெருவில் கால் தானாகவே அழுத்தும். ஆகவே தெருவின் அமைப்பே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

உடனே எல்லோரும் ஸ்பீட் பிரேக்கர் என்பார்கள். சரிதான், ஆனால் எப்படிப்பட்டது? இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற தர அமைப்பின் வழிகாட்டுதலில், சிறு சாலைகளுக்கான வேகத்தடை 3.7 மீட்டர் நீளமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மெதுவான மேடு. சுமார் 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் உடம்பு குலுங்காது, அதற்கு மேல் போனால் தூக்கிப் போடும். நம் தெருக்களில் இருப்பது என்ன? ஒன்றரை அடி அகலத்தில், அரையடி உயரத்தில், சாலை போட்டவர்களிடம் மிஞ்சிய தாரையோ, வீடு கட்டியவரிடம் மிஞ்சிய சிமென்ட்டையோ கொட்டிய கட்டை. மெதுவாகப் போகும் ஆட்டோவில் இருக்கும் கர்ப்பிணியின் இடுப்பை ஒடிக்கும். இரவில் வண்ணம் இல்லாமல் கிடந்தால் டூவீலர்காரரைக் கீழே தள்ளும்.

நடப்பவர்களுக்கு அதில் இன்னொரு கேடு இருக்கிறது. மழைநீர் ஓட வேண்டும் என்று வேகத்தடையின் இரு ஓரத்திலும் ஓரடி, இரண்டடி இடைவெளி விடுவார்கள். டூவீலர்கள் அத்தனையும் அந்த இடைவெளியில் நுழைந்து போகும். அதாவது நடுவில் போன வண்டியை, சரியாக மனிதர்கள் நடக்கிற ஓரத்துக்கு அந்த வேகத்தடையே இழுத்து வருகிறது. உங்கள் தெருவுக்கு வேகத்தடை கேட்கும்போது, ஓரம் முதல் ஓரம் வரை முழு அகலத்துக்குப் போடச் சொல்லுங்கள். தண்ணீருக்கு அடியில் குழாய் வைக்கலாம். அது முடியாது என்றால், இடைவெளியில் வண்டி நுழையாமல், ஆள் நடக்க மட்டும் வழிவிட்டு ஒரு சிமென்ட் கம்பம் நடச் சொல்லுங்கள். வெள்ளைப் பட்டை, முன்னறிவிப்புப் பலகை, பக்கத்தில் எரிகிற தெருவிளக்கு ஆகியவை அதோடு சேர்ந்தே வர வேண்டும். நீங்களாகச் சிமென்ட் கொட்டிப் போடாதீர்கள். அதில் யாராவது விழுந்தால் பழி உங்கள் மேல் வரும், அது நியாயமும்கூட.

சரி, ஏன் நடைபாதை வேண்டாம் என்றேன்? அளந்து பார்த்தால் தெரியும். 20 அடி என்பது 6 மீட்டர். முறையான நடைபாதை என்றால் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லா அகலம், 15 சென்டிமீட்டருக்கு மேற்படாத உயரம். இரு பக்கமும் போட்டால் 3.6 மீட்டர் போய்விடும். மிச்சம் 2.4. தண்ணீர் லாரியின் அகலமே ஏறக்குறைய 2.5 மீட்டர். ஒரு பக்கம் மட்டும் போட்டால் 4.2 மீட்டர் மிஞ்சும். அதில் ஒரு கார் நின்றால் 2.4. மறுபடியும் லாரி நுழையாது, எனவே அது நடைபாதை மேல் ஏறும். ஒரு முறை ஏறினால் ஸ்லாப் உடையும். உடைந்த நடைபாதையில் வயதானவர்கள் நடக்கமாட்டார்கள். அது மட்டுமில்லை, ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் நடைபாதையை இறக்கி ஏற்ற வேண்டும். 30 அடிக்கு ஒரு வீடு இருக்கிற தெருவில் ஏறுவதும் இறங்குவதுமாக முட்டி தேய்ந்துவிடும்.

இன்னொரு கணக்கைப் பாருங்கள். அதே 6 மீட்டரில் ஒரு பக்கம் கார் நிறுத்த 1.8 மீட்டர். மறுபக்கம் தரைமட்டத்திலேயே வெள்ளைக் கோடு போட்டு நடக்க 1.2 மீட்டர், அதுதான் நான் சொன்ன நாலடி. நடுவில் 3 மீட்டர். லாரி போகலாம், ஆம்புலன்ஸ் போகலாம். எதிரெதிரே இரண்டு கார் வந்தால் ஒன்று கேட் முன்னால் ஒதுங்கி வழிவிட வேண்டும். அந்தத் தயக்கம்தான் நமக்கு வேண்டும். அகலம் குறைந்ததாகத் தெரிந்தாலே ஓட்டுபவர் வேகத்தைக் குறைப்பார்.

40 அடி, 60 அடிச் சாலைகளுக்கும் பேருந்து ஓடும் சாலைகளுக்கும் இந்தப் பேச்சு பொருந்தாது. அங்கே நடைபாதையைத் தயங்காமல், விடாமல் கேளுங்கள். சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று தனிக் கொள்கை வகுத்தது. பெரிய சாலைகளில் அதன் விளைவுகளை இன்று பார்க்கிறோம். தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019-ல் திறந்த நடைபாதை வளாகம் எல்லோருக்கும் தெரிந்தது. அந்தச் சாலைகளை ஒட்டிய சிறு தெருக்களுக்குத்தான் வேறு மருந்து வேண்டும்.

ஜப்பானியக் குடியிருப்புத் தெருக்கள் இதற்கு நல்ல உதாரணம். டோக்கியோவில்கூட வீட்டுத் தெருக்கள் பலவும் நம் 20 அடியைவிடக் குறுகலானவை, நடைபாதை இல்லாதவை. ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் இருக்கும். பள்ளிப் பாதை என்றால் கோட்டுக்கு உட்புறம் பச்சை வண்ணம் பூசியிருப்பார்கள். ஆறு வயதுக் குழந்தைகள் பெரியவர் துணையின்றி அதில் நடந்து பள்ளிக்குப் போகிறார்கள். அது எப்படிச் சாத்தியமாகிறது? கோடு மட்டுமே காரணம் அல்ல. 1962-லிருந்து அங்கே கார் நிறுத்த இடம் இருக்கிறது என்று நிரூபித்தால்தான் கார் வாங்க முடியும். இரவு முழுவதும் தெருவில் காரை விட்டுவைக்க முடியாது. அதனால் தெருவின் ஓரம் ஓரமாகவே இருக்கிறது. நடுக்கோடு இல்லாத குறுகிய சாலைகளின் பொது வேக வரம்பை 60-லிருந்து 30 ஆகக் குறைக்கவும் 2024-ல் ஜப்பான் அரசு முடிவெடுத்தது; நடைமுறைக்கு வரும் நாளாக 2026 செப்டம்பரைக் குறித்தது.

நம் தெருவில் ஓரம் என்ன ஆகிறது என்று ஒருநாள் காலையில் வீட்டு வாசலில் இருந்து மெயின் ரோடு வரை நடந்து பாருங்கள். முதல் தடை சாய்தளம். கார் ஏற்றுவதற்காக வாசலில் இருந்து தெருவுக்குள் மூன்றடி, நாலடி நீட்டிக் கட்டிய சிமென்ட் ராம்ப். அடுத்தது மழைநீர் வடிகால் மூடி; சாலைக்கு மேல் அரையடி தூக்கி நிற்கும், இரண்டு மூடிக்கு நடுவே கால் நுழையும் இடைவெளி இருக்கும். பிறகு மின்வாரியத்தின் பெட்டி. பிறகு யாரோ வீடு கட்டக் கொட்டிய ஜல்லியும் எம்-சாண்டும். பிறகு இரும்புக் கட்டிலில் இஸ்திரி போடுபவர். அவரை நான் தடையாகச் சொல்லமாட்டேன், அவர் இருக்கும் இடத்தில் வண்டிகள் மெதுவாகப் போகும், தெருவுக்கு ஒரு கண்ணும் கிடைக்கும். பிறகு உறை போட்டு மாதக்கணக்கில் நகராமல் நிற்கிற கார். ஒவ்வொரு தடையிலும் நடப்பவர் ஓரத்தை விட்டுத் தெருவுக்குள் இறங்கி, திரும்ப ஏறுகிறார். நடந்து போனவர் அடிபட்டால் 'திடீரென்று குறுக்கே வந்துவிட்டார்' என்று ஓட்டுபவர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அவரைக் குறுக்கே வர வைத்தது பெரும்பாலும் இப்படியொரு ராம்ப் அல்லது நின்ற கார்.

ராம்ப் கட்டியவர்களை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்தது. வீடு பள்ளமானது, மழைத் தண்ணீர் உள்ளே வந்தது. அடுத்து வீடு கட்டியவர் பயந்துபோய் மூன்றடி உயர்த்திக் கட்டினார். அந்த உயரத்துக்குக் கார் ஏற வேண்டுமென்றால் ராம்ப் தெருவுக்குள் வந்துதான் ஆக வேண்டும். 2021 மே மாதம், அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய மேல்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச்சாலை போட வேண்டும் என்று உத்தரவிட்டார். உங்கள் தெருவுக்கு ரோடு போட ஆள் வரும்போது மில்லிங் இயந்திரம் வந்ததா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அன்றே வேலையை நிறுத்தச் சொல்லிப் புகார் கொடுங்கள். நடப்பவர் பாதுகாப்புக்கும் தார் உயரத்துக்கும் என்ன தொடர்பு என்று யாராவது கேட்டால், தெருவில் இருக்கிற ஒவ்வொரு ராம்பையும் காட்டுங்கள்.

பையனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏழு வயதுக் குழந்தையால் வரும் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணிக்க முடியாது. அது கவனக்குறைவு இல்லை, அந்த வயதின் வளர்ச்சி அவ்வளவுதான். 'பாத்துப் போடா' என்று சொல்லி அனுப்புவது போதாது. வேன் நிற்கிற இடம் வீடு இருக்கிற பக்கமே இருக்கும்படி கேளுங்கள், அதாவது இறங்கிய பிறகு கடக்கத் தேவையில்லாதபடி. கடந்தே ஆக வேண்டும் என்றால் வேன் கிளம்பிப் போன பிறகுதான் கடக்க வேண்டும். வேனின் முன்பக்கமாக ஓடும் குழந்தையை வேன் ஓட்டுநரும் பார்க்கமாட்டார், வேனைத் தாண்டி வரும் டூவீலர்காரரும் பார்க்கமாட்டார். பள்ளி வாகனத்தில் உதவியாளர் இருப்பது தமிழக அரசின் 2012-ஆம் ஆண்டுச் சிறப்பு விதிகள்படி கட்டாயம். அவர் இறங்கிக் குழந்தையைப் பெரியவரிடம் ஒப்படைக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள்.

கேட்டிலிருந்து பின்னோக்கி வெளியே வரும் கார்களும் குழந்தைகளுக்குப் பெரிய ஆபத்து. பெரிய கார்களின் பின்கண்ணாடிக்குக் கீழே நிற்கும் குழந்தை ஓட்டுபவருக்குத் தெரியாது. காரைப் பின்னோக்கி உள்ளே விட்டு, காலையில் முன்னோக்கி எடுக்கும் பழக்கத்தை உங்கள் தெருவில் கொண்டுவர முடிந்தால் அது பெரிய காரியம். சங்கக் கூட்டத்தில் பேசினால் கேட்பார்கள், எல்லோர் வீட்டிலும் குழந்தை இருக்கிறது.

அம்மாவுக்கு: விடிவதற்கு முன் நடைப்பயிற்சி வேண்டாம். தண்ணீர் லாரியும் பால் வண்டியும் காலித் தெருவில் வேகமாக வருகிற நேரம் அது. நடக்க வேண்டும் என்றால் வெளிச்சம் வந்த பிறகு, இல்லாவிட்டால் மொட்டை மாடியில். மாலையில் வெளிர் நிறப் புடவை நல்லது. அதைவிட நல்லது பையிலோ கைத்தடியிலோ ஒட்டிய ஒளி திருப்பும் பட்டை. ஹெட்லைட் பட்டதும் துணியைவிட வெகு தொலைவிலேயே அது தெரியும். சைக்கிள் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். மழைக்காலத்தில் குடையைக் கண்ணுக்கு முன்னால் சாய்த்துப் பிடிக்க வேண்டாம். தண்ணீர் தேங்கிய தெருவில் மட்டும் 'ஓரமாகப் போ' என்ற அறிவுரையை மறந்துவிடச் சொல்லுங்கள். ஓரத்தில்தான் வடிகால் மூடியும் திறந்த மேன்ஹோலும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் தண்ணீர் நின்றால் வெளியே போகாமல் இருப்பதுதான் சரி. போயே ஆக வேண்டும் என்றால் தெரு நடுவில், கம்பால் தட்டிப் பார்த்து நடக்க வேண்டும்.

தெருவிளக்கு எரிகிறது, ஆனால் வெளிச்சம் கீழே வரவில்லை என்ற புகார் பல இடங்களில் உண்டு. பெரும்பாலும் காரணம் விளக்கை மூடி வளர்ந்த பாதாம் மரமோ புங்க மரமோதான். மரத்தை வெட்டச் சொல்லாதீர்கள், நிழலும் நடப்பவருக்கு வேண்டும். விளக்கை மறைக்கும் கிளையை மட்டும் கழிக்கச் சொன்னால் போதும்.

மனு எழுதும் முறையைச் சொல்கிறேன். 'நடவடிக்கை எடுக்கவும்' என்று முடிகிற பொதுவான மனுவுக்கு 'பரிசீலிக்கப்படும்' என்ற பொதுவான பதில்தான் வரும். டேப் எடுத்துத் தெருவை அளந்து, ராம்ப், பெட்டி, உடைந்த மூடி, இருண்ட விளக்கு எல்லாவற்றையும் வீட்டு எண்ணோடு ஒரு தாளில் வரைந்து, படம் எடுத்து இணையுங்கள். வேண்டுவது என்ன என்பதை அளவோடு எழுதுங்கள்: எந்த இரண்டு வீட்டுக்கு நடுவே வேகத்தடை, எந்தப் பக்கம் வெள்ளைக் கோடு, எந்த முனையில் 30 பலகை. சென்னையில் 1913 எண்ணில் பதிந்து புகார் எண் வாங்குங்கள். அதே தாளை வார்டு உறுப்பினரிடமும் மண்டலப் பொறியாளரிடமும் கொடுங்கள். பார்க்கிங் தடைக்கும் வேகப் பலகைக்கும் போக்குவரத்துக் காவல்துறையின் சம்மதம் வேண்டும், எனவே அவர்களுக்கும் ஒரு பிரதி. ஊராட்சிப் பகுதியில் இருப்பவர்கள் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவரலாம்.

எந்தப் பக்கம் பார்க்கிங் என்பதில்தான் தெருவுக்குள் சண்டை வரும். மாதம் ஒரு பக்கம் என்று மாற்றிக்கொள்ள யோசனை சொல்வார்கள். அது வேண்டாம், நடக்கும் கோடு ஒரே பக்கம் நிலையாக இருந்தால்தான் பழக்கமாகும். ராம்பும் பெட்டியும் குறைவாக இருக்கிற பக்கத்தை நடப்பவர்களுக்கு விடுங்கள். கோடு ஒரு பக்கம் மட்டும் இருந்தால் திரும்பி வரும்போது அது இடப்பக்கம் ஆகிவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். ஆகட்டும். கோட்டுக்குள் தடையில்லாத நாலடி இருந்து, வண்டி 30-க்குள் வந்தால், இரு திசையிலும் கோட்டுக்குள்ளேயே நடப்பதுதான் பாதுகாப்பு. வலப்பக்க விதி, கோடு இல்லாத தெருவுக்கு.

சட்டம் உங்கள் பக்கம் முன்பைவிடப் பலமாக இருக்கிறது. கோவையின் எலும்பு முறிவு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு இன்றும் பல உத்தரவுகளைப் பெற்றுத் தருகிறது. அந்த வழக்கில்தான் 2025 மே மாதம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. நடப்பவர்களின் பாதுகாப்புக்கும் சாலை வடிவமைப்புக்கும் விதிகள் வகுக்கும்படி அதே ஆண்டு அக்டோபரில் மாநிலங்களுக்கு ஆறு மாதக் கெடுவும் கொடுத்தது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ தரத்தைப் பின்பற்றாததால் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பானவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. மனுவில் இந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள். மிரட்டலாக அல்ல, இந்த இடத்தில் ஆபத்து இருப்பதை எழுத்தில் தெரிவித்துவிட்டோம் என்ற பதிவாக.

அதே சட்டத்தின் 199ஏ பிரிவைத் தெருவாசிகளுக்குச் சொல்லுங்கள். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. டியூஷனுக்கு ஸ்கூட்டி கொடுத்து அனுப்பும் வீடு ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது. முறைத்துக்கொள்ளாமல் நேரில் போய்ப் பேசுங்கள்.

விபத்து நடந்துவிட்டால் 108-ஐ அழையுங்கள். உதவுபவர் மீது வழக்கு வரும் என்ற பயம் வேண்டாம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவர்களைக் காக்கிறது. தமிழகத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணிநேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்று கண்டுபிடிக்க முடியாமல் போனாலும், இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் படுகாயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாயும் மத்திய அரசின் 2022-ஆம் ஆண்டுத் திட்டத்தில் கிடைக்கும். இது தெரியாமல் பல குடும்பங்கள் விட்டுவிடுகின்றன. காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை வாங்காமல் திரும்பாதீர்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், ஜல்லியும் நகராத காரும். இந்த இரண்டுக்கும் அரசாணை தேவையில்லை. சங்கத்தில் நாலு பேர் போய்ப் பேசினால் ஒரு வாரத்தில் நகரும். வேகத்தடைக்கும் கோட்டுக்கும் மனு ஓடிக்கொண்டிருக்கட்டும். அடுத்த முறை தெருவுக்குத் தார் போடும் பட்டியலில் உங்கள் தெரு வரும்போது, கோடும் வேகத்தடையும் அந்த ஒப்பந்த மதிப்பீட்டுக்குள்ளேயே சேர்ந்திருக்க வேண்டும். தார் போட்ட பிறகு தனியாகக் கேட்டால் தனி நிதி, தனி ஒப்பந்தம் என்று இழுக்கும். அதனால் மதிப்பீடு தயாராகும் நேரம் எது என்று வார்டு உதவிப் பொறியாளரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.